பெரியப்பாவுக்கு யார் பதில் சொல்வது?

பினாங்கில் ஈமச்சடங்குச் சேவைக் கடை வைத்திருக்கிறோம். அப்பா ஆரம்பித்தது, இப்போது நானும் தம்பியும் பார்க்கிறோம். பெட்டி, வண்டி, கூடாரம், நாற்காலி, பண்டாரத்துக்குச் சொல்லி அனுப்புவது, பத்து லஞ்சாங் தகன மையத்தில் நேரம் பிடிப்பது, பர்மிட் எடுப்பது எல்லாம் எங்கள் தலையில்தான். உறுப்பு தானம் பற்றி வாட்ஸ்அப் குழுக்களில் பேசுகிறவர்கள் ஒன்று டாக்டர்கள், இல்லையென்றால் சிறுநீரகத்துக்குக் காத்திருப்பவர்களின் சொந்தக்காரர்கள். கொடுத்தவரைக் கடைசியாகக் குளிப்பாட்டி வேட்டி கட்டிவிடுகிறவன் என்ன நினைக்கிறான் என்று யாரும் கேட்டதில்லை. கேட்காவிட்டால் என்ன, நானே எழுதிவிடுகிறேன்.

விவாதம் இதுதான். "எனக்குச் சம்மதம்" என்று உயிரோடு இருக்கும்போதே பதிந்து வைத்தவரிடமிருந்து மட்டும் உறுப்பு எடுப்பதா? இல்லை, "எனக்கு வேண்டாம்" என்று பதிந்து வைக்காத எல்லாருக்கும் சம்மதம்தான் என்று சட்டமே வைத்துக்கொள்வதா? நான் இரண்டாவது கட்சி. ஆனால், இந்தக் கட்சியில் இருக்கிற பலர் சொல்லும் காரணம் என் காரணம் இல்லை.

மலேசியாவில் இப்போது நடப்பது முதல் வகை. 1974ஆம் ஆண்டின் மனிதத் திசுச் சட்டம்தான் இன்றைக்கும் அடிப்படை. எழுத்தில் சம்மதம் கொடுக்கலாம். கடைசி நோயில் படுத்திருக்கும்போது இரண்டு சாட்சிகள் முன் வாயால் சொன்னாலும் செல்லும். இப்போது மைசெஜாத்ரா என்கிற அரசாங்கச் சுகாதார ஆப்பிலேயே பதிந்துவிடலாம். எல்லா உறுப்பும் என்று இல்லை, கண் மட்டும் என்றுகூடக் குறிக்கலாம். மூன்று லட்சம் பேருக்கு மேல் பதிந்திருக்கிறார்கள். பெரிய எண்ணிக்கை போலத் தெரியும். நாட்டு மக்கள்தொகையில் நூற்றுக்கு ஒருவர், அவ்வளவுதான். அந்தப் பக்கம் டயாலிசிஸில் இருப்பவர்கள் ஐம்பதாயிரத்துக்கும் மேல். வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நாலு மணி நேரம் ஊசியோடு படுக்கை. நம் ஆட்கள் இதில் எத்தனை பேர் என்று நான் சொல்லவே வேண்டாம். ஏதாவது ஒரு டயாலிசிஸ் மையத்தின் வாசலில் காலை ஏழு மணிக்கு நின்று பாருங்கள்.

சரி, பதிந்து வைத்தால் போதுமா? போதாது. சட்டத்தில் என்ன இருந்தாலும், நம் ஆஸ்பத்திரிகளில் வாரிஸ், அதாவது நெருங்கிய சொந்தக்காரர், சம்மதம் இல்லாமல் யாரும் கத்தியைத் தொடமாட்டார்கள். அந்த இடத்தில்தான் என் கதை வருகிறது.

பிறை பக்கம் ஒரு பையன், பைக் விபத்து. தலையில் அடி. ஐசியுவில் வைத்திருந்து, மூளைச்சாவு என்று சொல்லிவிட்டார்கள். அவன் பதிந்து வைத்திருக்கிறான்; தங்கச்சிக்குத் தெரியும். போனை எடுத்து டாக்டரிடம் காட்டியும் இருக்கிறாள். அம்மா பேசும் நிலையில் இல்லை. அப்பா எப்போதோ போய்விட்டார். உடுத்திவிடத் துணி கொடுக்க வந்தபோது அந்தப் பெண் என்னிடம் சொன்னது இது: "டாக்டர் கேட்டாரு அண்ணே. நான் சரின்னு சொல்ல வாய தொறந்தேன். சுங்கைப்பட்டாணியிலேர்ந்து பெரியப்பா வந்து நின்னாரு. 'சின்னப் புள்ள, நீ சும்மா இரு'ன்னுட்டாரு." அதற்குமேல் பேச்சே இல்லை. முழு உடம்போடு போகட்டும் என்பது பெரியப்பாவின் வாதம். விபத்துச் சாவு, போலீஸ் கேஸ். உடம்பு போஸ்ட்மார்ட்டம் ஆகித்தான் எங்களிடம் வந்தது. முழு உடம்பு என்று அவர் எதை நினைத்தாரோ, அது கடைசியில் கீறாமல் வரவில்லை. நான் அதை அவரிடம் சொல்லவில்லை. அது என் வேலையும் இல்லை.

பெரியப்பாவை நான் வில்லனாக்க மாட்டேன். எல்லா வீட்டிலும் ஒரு பெரியப்பா உண்டு. சாவு வீட்டில் காசு போடுகிறவரும் அவர்தான், கொள்ளி வைப்பது யார் என்று முடிவு செய்கிறவரும் அவர்தான், எத்தனை மணிக்கு எடுப்பது என்று என்னிடம் பேசுகிறவரும் அவர்தான். அவர் கேட்கும் கேள்விகள் முட்டாள்தனமான கேள்விகளும் இல்லை. ஆஸ்பத்திரியில் அந்த நேரத்தில் கேட்க வாய் வராத கேள்விகளைத்தான், பிறகு பெட்டி பார்க்க வரும்போது எங்களிடம் கேட்கிறார்கள்.

முதல் கேள்வி: "நெஞ்சு ஏறி இறங்குதே, உடம்பு சுடுதே, எப்படிச் செத்துட்டான்னு சொல்றீங்க?" நெஞ்சை ஏற்றி இறக்குவது மெஷின். சாவை உறுதி செய்ய டாக்டர்கள் செய்வது என்ன என்று ஒரு ஐசியு மிஸ்ஸி (நர்ஸ்) எனக்கு விளக்கியிருக்கிறார். கண்ணில் டார்ச் அடித்தால் கண்பாப்பா சுருங்குகிறதா, கருவிழியைப் பஞ்சால் தொட்டால் இமை அசைகிறதா, காதுக்குள் ஐஸ் தண்ணீர் விட்டால் கண் நகர்கிறதா, தொண்டைக்குள் குழாய் விட்டால் இருமல் வருகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள். கடைசியில் மெஷினைப் பிரித்துவிட்டு, ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு ஏற ஏற மூச்சை இழுக்கிறானா என்று காத்திருப்பார்கள். உயிர் ஒட்டிக்கொண்டிருக்கும் எந்த மூளையும் அப்போது சும்மா இருக்காது. இரண்டு நிபுணர்கள் தனித்தனியாகச் செய்து கையெழுத்துப் போடவேண்டும்; உறுப்பு எடுக்கும் குழுவுக்கும் அவர்களுக்கும் சம்பந்தம் இருக்கக்கூடாது. இது கோமா இல்லை. கோமாவிலிருந்து எழுந்து வந்தவர் உண்டு, மூளைச்சாவிலிருந்து வந்தவர் இல்லை.

இரண்டாவது கேள்வி: "பாக்கற மாதிரி இருப்பானா?" இதற்கு என்னைவிட நன்றாகப் பதில் சொல்ல ஆள் இல்லை. போஸ்ட்மார்ட்டம் தையலுக்கும் ஆபரேஷன் தியேட்டர் தையலுக்கும் வித்தியாசம் தெரியும் எனக்கு. முதலாவது சில சமயம் கோணி தைத்த மாதிரி இருக்கும். கசிவு நிற்க நாங்கள் பஞ்சு வைத்துக் கட்டவேண்டிவரும். உறுப்பு கொடுத்தவருக்குக் கழுத்துக் குழியிலிருந்து தொப்புளுக்குக் கீழே வரை நேரான ஒரே கோடு, நெருக்கமான தையல், மேலே பிளாஸ்திரி. சட்டை போட்டால் முடிந்தது. கண் கொடுத்தவர்களைப் பற்றித்தான் ஜனங்களுக்குப் பயம் அதிகம். இமை குழி விழாது, மூடித்தான் இருக்கும். கண் கொடுத்த ஒரு பாட்டிக்கு மஞ்சள் பூசிப் பொட்டு வைத்து நாற்காலியில் உட்காரவைத்தோம். ஊரே வந்து பார்த்தது. சொல்லாதவரைக்கும் ஒருவருக்கும் தெரியவில்லை. சொன்ன பிறகும் கிட்டே வந்து உற்றுப் பார்த்துவிட்டு நம்பாமல்தான் போனார்கள்.

மூன்றாவது கேள்வியை ஆஸ்பத்திரியில் யாரும் எதிர்பார்க்கமாட்டார்கள்: "எது சாவு நேரம்?" இது எங்கள் ஆட்களுக்கு உயிர்நாடியான விஷயம். திதி பார்க்க வேண்டும், கருமக்கிரியைக்கு நாள் எண்ண வேண்டும், வருஷா வருஷம் அந்தத் திதியில் படையல் போட வேண்டும். மூளைச்சாவு வெள்ளிக்கிழமை மாலை உறுதியாகிறது. உறுப்பு எடுத்து முடிக்க நடுராத்திரி தாண்டுகிறது. இதயம் நின்றது சனிக்கிழமை. சனிப்பிணம் தனிப்போகாது என்று ஒரு கிழவி ஆரம்பித்துவிட்டால், கோழிக்குஞ்சைத் தேடி நான்தான் ஓட வேண்டும். பதில் நேரானது: மூளைச்சாவு உறுதிசெய்யப்பட்ட நேரம்தான் சாவு நேரம், சர்டிஃபிகேட்டில் வருவதும் அதுதான். எங்கள் பண்டாரமும் அதை வைத்துத்தான் திதி குறிக்கிறார். "கவர்மென்ட் எழுதுனதுதான் எனக்கும் எமதர்மனுக்கும்" என்பார். ஆனால் இதைக் குடும்பத்திடம் தமிழில், உட்கார்ந்து, அவசரப்படாமல் சொல்ல அங்கே ஒரு ஆள் வேண்டும். "எப்போ வீட்டுக்குக் கொடுப்பீங்க" என்பதற்கும் அப்படித்தான். ஒரு நாள் தள்ளிப்போவது நம் சாவு வீடுகளில் ஒன்றும் புதிதில்லை. சிங்கப்பூரிலிருந்து மகன் வர, தமிழ்நாட்டிலிருந்து தம்பி வர என்று ஐஸ் பெட்டியில் வைத்திருப்பவர்கள்தானே நாம்.

கண்ணப்ப நாயனாரை இங்கே யாரும் இழுக்க வேண்டாம். விழிப்புணர்வுக் கூட்டத்தில் கைதட்டல் வாங்கலாம்; சாவு வீட்டில் புராணம் எடுபடாது. அங்கே எடுபடுவது மணி, திதி, தையல்.

இப்போது என் காரணத்துக்கு வருகிறேன். சம்மதம் இருப்பதாகவே வைத்துக்கொள்ளும் சட்டம் வந்தால் உறுப்புகள் கொட்டும் என்று நான் நினைக்கவில்லை. என்னைக் கவர்வது, அந்தத் தங்கச்சியின் நிலைமை மாறும் என்பது. இன்றைக்கு டாக்டர் வந்து, "கொடுக்கிறீர்களா?" என்று கேட்கிறார். கொடுக்கிறேன் என்று சொல்லும் தைரியம் அவளுக்கு வேண்டும். இருபது வயதில், அழுத கண்ணோடு, பெரியப்பா முன்னால். சட்டம் மாறினால் கேள்வி, "அவர் எப்போதாவது வேண்டாம் என்று சொன்னாரா?" என்றாகிவிடும். இல்லை என்று அவள் சொன்னால் போதும். அவள் முடிவெடுத்ததாக ஆகாது. நடந்ததைச் சொன்னதாகத்தான் ஆகும். நாளைக்குக் குடும்பத்தில் யாராவது, "அண்ணனை வெட்டக் கொடுத்தவள் நீதானே" என்று சண்டையில் எடுத்தால், சட்டம் அப்படி என்று சொல்லிக்கொள்ள ஓர் இடம் இருக்கும். நம் சனத்துக்கு இந்த ஒதுங்குமிடம் எவ்வளவு பெரிசு என்பது சாவு வீட்டுச் சண்டைகளைப் பார்த்தவனுக்குத் தெரியும்.

பக்கத்திலேயே நடைமுறையில் பார்க்க வேண்டுமானால் சிங்கப்பூர். 1987லேயே சட்டம் கொண்டுவந்துவிட்டார்கள். முதலில் விபத்தில் இறந்தவர்களின் சிறுநீரகம் மட்டும், முஸ்லிம்கள் சேர்க்கப்படவில்லை. 2004இல் எல்லா வகைச் சாவுக்கும் விரித்து, கல்லீரல், இதயம், கருவிழியையும் சேர்த்தார்கள். 2008இல் முஸ்லிம்களும் வந்தார்கள். 21 வயது நிரம்பிய குடிமக்களுக்கு மட்டுமில்லை, நிரந்தரவாசிகளுக்கும் இது பொருந்தும். பினாங்கிலிருந்து வேலைக்குப் போய் பிஆர் வாங்கியிருக்கும் நம் பிள்ளைகள் எத்தனை பேருக்கு இது தெரியும்? என் சின்னம்மா மகனுக்குத் தெரியவில்லை. சொன்னதும், "அப்படியா, சரி விடு" என்றான். அந்த "சரி விடு"வில்தான் இந்தச் சட்டமே ஓடுகிறது. வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தவர், பின்னால் தனக்கு உறுப்பு தேவைப்பட்டால் வரிசையில் பின்னால் போகவேண்டும் என்றும் அங்கே வைத்திருக்கிறார்கள். கறாரான ஊர்.

அதே சிங்கப்பூரில் 2007இல் ஒன்று நடந்தது. மூளைச்சாவு அடைந்த ஒருவரின் குடும்பம், இன்னும் கொஞ்சம் பொறுங்கள், எழுந்துவிடுவார் என்று டாக்டர்கள் முன்னால் மண்டியிட்டுக் கதறியது. ஒரு நாள் பொறுத்தார்கள். அதற்குப் பிறகு எடுத்தார்கள். சட்டப்படி சரிதான். பேப்பரில் படித்தவர்களுக்கு வயிற்றைப் பிசைந்தது. அப்படி ஒரு காட்சி நம் ஊரில் ஒரு தமிழ்க் குடும்பத்துக்கோ மலாய்க் குடும்பத்துக்கோ நடந்து வீடியோ வெளியே வந்தால், அதோடு பத்து வருஷத்துக்கு உறுப்பு தானத்தை மறந்துவிடலாம். பிரேசிலில் 1997இல் இந்த மாதிரிச் சட்டம் கொண்டுவந்து, டாக்டர்களும் ஜனங்களும் நம்பாமல், அடுத்த வருஷமே தூக்கிப்போட்டார்கள்.

ஸ்பெயினை எல்லாரும் உதாரணம் காட்டுவார்கள், பாதி விஷயத்தை விட்டுவிட்டு. அங்கே 1979இலிருந்து இந்த மாதிரிச் சட்டம் இருக்கிறது. பத்து வருஷம் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. 1989இல் தேசிய அமைப்பு ஒன்றை உண்டாக்கி, ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி ஒருங்கிணைப்பாளர் போட்டார்கள். பெரும்பாலும் ஐசியு டாக்டர்களையே பயிற்சி கொடுத்து அந்த வேலையில் வைத்தார்கள். அதன் பிறகுதான் உலகத்தில் முதல் இடம். இன்றைக்கும் குடும்பத்தைக் கேட்காமல் எடுப்பதில்லை. வேல்ஸ் 2015இல், இங்கிலாந்து 2020இல் மாறின. அங்கேயும் வீட்டாரோடு உட்கார்ந்து பேசிய பிறகுதான். ஆக, எந்தச் சட்டமாக இருந்தாலும் பெரியப்பாவோடு யாராவது பேசித்தான் ஆகவேண்டும். பேசுகிறவரின் கையில் என்ன சீட்டு இருக்கிறது என்பதுதான் வித்தியாசம்.

தமிழ்நாட்டில் சட்டம் மாறவே இல்லை. இன்றும் குடும்பத்தின் சம்மதம்தான். ஆனால் 2008இல் திருக்கழுக்குன்றத்து டாக்டர் தம்பதி, விபத்தில் மூளைச்சாவு அடைந்த மகன் ஹிதேந்திரனின் உறுப்புகளைக் கொடுத்ததை நாம் இங்கே டிவியில் பார்த்தோமே, அதற்குப் பிறகு அந்த ஊர் பேச்சே மாறிவிட்டது. 2023இலிருந்து உறுப்பு கொடுத்தவருக்கு அரசு மரியாதையோடு இறுதிச் சடங்கு. எங்கள் தொழில்காரன் கண்ணால் சொல்கிறேன்: கலெக்டர் வந்து மாலை வைத்தால், தெருவில் இருக்கும் அத்தனை பெரியப்பாவும் வாயை மூடிக்கொள்வார்கள். இங்கே ஒரு வைபி, நம் தொகுதி எம்பியோ சட்டமன்ற உறுப்பினரோ, வந்து நின்றாலே போதும். எலெக்‌ஷன் நேரத்தில் கூப்பிடாமலே வருகிறவர்கள்தானே.

என் கட்சிக்கு நிபந்தனைகள் உண்டு. வேண்டாம் என்று பதிவது, வேண்டும் என்று பதிவதைவிடச் சுலபமாக இருக்க வேண்டும். கிளினிக் கவுண்டரில், தபால் நிலையத்தில், தமிழில் எழுதிய தாளில். தோட்டத்திலிருந்து வந்து பிளாட்டில் உட்கார்ந்திருக்கும் ஒரு அம்மாவுக்குச் சட்டம் மாறியதே தெரியாமல் இருந்தால், அவர் மௌனத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வது அநியாயம். அப்புறம், வெளிநாட்டுத் தொழிலாளர்களை இதில் சேர்க்கவே கூடாது. பங்களாதேஷ், மியன்மார், நம் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் என்று ஊருக்கு அனுப்பிவைக்கும் பெட்டிகளை நாங்கள் அடைக்கிறோம். மருந்து ஏற்றி, துத்தநாகத் தகடு வைத்து, தூதரகக் கடிதத்துக்காக நாள் கணக்கில் காத்திருப்போம். அந்தப் பெட்டியை அங்கே திறக்கும் தாய்க்கு நெஞ்சில் ஒரு தையல் கோடு தெரிந்தால், எந்தச் சட்டத்தின் பெயரைச் சொல்வது? அவன் இங்கே கேட்கப்படாமலே பல காரியத்துக்கு ஆளானவன். இதுவும் வேண்டாம்.

எங்கள் வீட்டிலேயே எதிர்க்கட்சி இருக்கிறது. அப்பா. வயது எழுபது தாண்டிவிட்டது. மூட நம்பிக்கை என்று ஒதுக்க முடியாத ஆள். பிணத்தைத் தொட்டுக் கும்பிட்டே வாழ்ந்தவர். மைசெஜாத்ராவில் நான் பதிந்ததைக் காட்டியபோது, "உன் உடம்பு, உன் இஷ்டம்" என்றார். தன்னைப் பற்றி என்ன என்று கேட்டேன். "போலீஸ் கேசுன்னா நம்மளக் கேக்கவே மாட்டான், கீறிக் கையில கொடுத்துருவான். எத்தனை தாயி என் முன்னாடி கெஞ்சியிருக்கா, வேணாம்னு சொல்லுங்க ஐயான்னு. நான் யாரு சொல்றதுக்கு? சாவுல நம்மளக் கேட்டுச் செய்யறது இந்த ஒண்ணுதான் மிச்சம் இருக்கு. அதையாவது கேக்கட்டும்" என்றார்.

இதற்கு நான் பதில் வைத்திருக்கவில்லை. இந்த நாட்டில் ஒருவர் சொல்லி நான் கேட்ட எதிர்வாதங்களில் இதைவிட வலுவானது இல்லை. அவர் கேட்பது உடம்பு முழுசாக இருக்கட்டும் என்று இல்லை; யாராவது ஒருவர் வந்து முகத்தைப் பார்த்துக் கேட்கட்டும் என்று. நான் சொல்லும் சட்டத்திலும் அந்த ஆள் வருவார், ஆனால் கேட்கும் கேள்வி வேறாக இருக்கும். அந்த வித்தியாசம் அந்தத் தங்கச்சிக்குக் கை கொடுக்கும். அப்பாவின் கையிலிருந்து எதையோ எடுத்துக்கொள்ளும். இரண்டும் உண்மை.

அப்படி ஒரு சட்டம் நிஜமாகவே வந்தால், அப்பா ஃபாரம் நிரப்ப எங்கேயும் போகமாட்டார். ஐசி (அடையாளக் கார்டு) தொலைந்தபோதே என்னைத்தான் அனுப்பப் பார்த்தவர். மறுப்பு ஃபாரத்தை வாங்கி வந்து, எழுதி, அவர் கையெழுத்துப் போடும் இடத்தில் பென்சிலால் புள்ளி வைத்துக் கொடுக்கப்போவது நான்தான். நகல் ஒன்று அவருடைய இன்சூரன்ஸ் ஃபைலில் இருக்கும். டாக்டர் வந்து என்னிடம் கேட்டால், வேண்டாம் என்று சொல்லிவிட்டு அதை எடுத்துக் காட்டுவேன்.